மைக்காரரின் விரல்

என் வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், "உலகத்தோட வாயை மூடுற வேலை" என்பேன். கேட்டவர் முழிப்பார். இவருக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். "திறக்கிறதும் நான்தானே? அதை ஏன் சொல்ல மாட்டேங்கிற?" என்பார். உண்மைதான். எல்லா நாடுகளும் கூடிப் பேசுகிற பெரிய மன்றம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அங்கே கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, பேச வேண்டியவரின் மைக்கைத் திறந்துவிடுவதும், பேசி முடித்ததும் அணைப்பதும் இவர் வேலை. அங்கே எல்லாருக்கும் இவர் மைக்காரர். பெரிய பெரிய தூதர்களுக்குக்கூட இவருடைய நிஜப்பெயர் தெரியாது.

நானோ பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுக்கிறவள். நீங்கள் மூடிவிடுகிற வாயை எல்லாம் நாங்கள் திறக்கச் சொல்கிறோம் என்று கல்யாணமான புதிதில் ஒரு ஜோக் அடித்தேன். இன்றுவரை அதற்கு அவர் சிரிக்கவில்லை.

சிரிக்கத் தெரியாதவர் என்று சொல்ல மாட்டேன். மனசில் பாதி எப்போதும் இங்கே இருக்காது, அவ்வளவுதான். அது ஒரு தீவில் இருக்கும். இவர் பிறந்த தீவு. கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிற ஒரு பெரிய நாடு, கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறோம் என்று வந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டது. குடியிருக்க வந்தவர்கள் வீட்டுக்காரர்கள் ஆகிவிட்ட கதை. இவர் அங்கே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். சின்ன வயசு. 'எங்களை யார் ஆள்வது என்று நாங்கள் ஓட்டுப் போட்டுச் சொல்கிறோம்' என்று கேட்டு ஊர் மைதானத்தில் ஒரு கூட்டம் நடந்தது. இவர் செய்ததெல்லாம் அந்தக் கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கட்டிக் கொடுத்ததுதான். பேசியவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு, பேச்சு தூரத்துக்குக் கேட்கக் காரணமானவனைத் தேடினார்கள்.

இவரை வளர்த்தது அக்காதான். அம்மா போனபின் அந்த வீட்டில் அம்மா, அப்பா, போலீஸ் எல்லாமே அந்த அக்கா. படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற வேலை அவருக்கு. ஒரு மீன்படகில் தம்பியை உட்காரவைத்துவிட்டு, "போ. ஓட்டுப் போடுற அன்னைக்கு வந்துடு" என்று சொன்னாராம். அழவில்லையாம். ஓட்டு அடுத்த வருஷமே நடக்கும் என்று பெரிய நாடு மன்றத்தில் வாக்குக் கொடுத்திருந்த நேரம் அது. அதனால் இவர் ஒரு பையும் இரண்டு சட்டையும்தான் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அந்த அடுத்த வருஷம் இன்னும் வரவில்லை.

எனக்கு மாமியார் இல்லை. அந்தக் குறையை, நான் நேரில் பார்த்தேயிராத நாத்தனார் தீர்த்துவைத்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் வரும். அந்த ஃபோனை அங்கே யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று இரண்டு பக்கமும் தெரியும். அதனால் அக்காவும் தம்பியும் உலகத்தில் இருக்கிற அத்தனை உப்புச்சப்பில்லாத விஷயங்களையும் பேசுவார்கள். முழங்கால் வலி, கொல்லையில் இருக்கிற எலுமிச்சை மரம், மழை வந்ததா, வரவில்லையா. இவர் மன்றத்தில் வேலை பார்ப்பதைக்கூட அக்காவிடம் சொல்லவில்லை. தெரிந்தால் அக்காவைக் கூப்பிட்டுக் குடைவார்கள். "ரேடியோ சம்பந்தமான வேலை" என்பதோடு சரி. ஒரு தடவை மன்றத்திலிருந்து ஒரு குழு தீவைப் பார்க்கப் போனது. அந்த வாரம் ஃபோனில் அக்கா, "நம்ம தெருவுக்கு ஓசியில வெள்ளை அடிச்சுக் கொடுத்தாங்கடா, தெரு முனை வரைக்கும்" என்றார். இவர், "நல்லதாப் போச்சுக்கா" என்றார். ஃபோனை வைத்தபிறகு என்னிடம், "குழுவை அந்த முனையோட திருப்பி அனுப்பியிருப்பாங்க" என்றார்.

நானும் கொஞ்சம் பேசுவேன். இவர் பாஷையைச் சண்டை போடுகிற அளவுக்குக் கற்றுக்கொண்டிருந்தேன். அது போதும் என்பது என் கட்சி. "என் தம்பிக்கு நேரத்துக்குச் சோறு போடறியா?" என்று நாத்தனார் கேட்பார். "அவரே போட்டுச் சாப்பிடுவாரு, கை இருக்குல்ல?" என்பேன். அந்தப்பக்கம் ஒரு சத்தம் வரும். கோபமா சிரிப்பா என்று எனக்குப் பல வருஷம் புரியவில்லை.

இவர் வேலையில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

வருஷத்துக்கு ஒருமுறை மன்றத்தில் ஒரு கமிட்டி கூடும். தன்னைத் தானே ஆள முடியாமல் இருக்கிற நாடுகளைப் பற்றிப் பேசுகிற கமிட்டி. எந்த மக்களும் தங்கள் தலையெழுத்தைத் தாங்களே எழுதிக்கொள்ளலாம் என்று என்றைக்கோ எல்லாரும் கை தூக்கி ஒப்புக்கொண்டார்கள். யாருக்கெல்லாம் அது இன்னும் நடக்கவில்லை என்று கேட்கிற இடம் அது. அந்த மக்கள் தரப்பில் யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். ஆனால் மூன்று நிமிடம்தான். பச்சை விளக்கு எரியும்போது ஆரம்பிக்க வேண்டும். மஞ்சள் எரிந்தால் முடிக்கப் பார்க்க வேண்டும். சிவப்பு எரிந்ததும் தலைவர் சின்னச் சுத்தியலைத் தட்டுவார். அவர் தட்டினால் மைக்கை அணைக்க வேண்டும். அணைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எந்த நொடியில் என்று யாரும் சொல்லவில்லை.

மற்ற மைக்காரர்கள் சுத்தியல் சத்தம் கேட்டதும் அணைத்துவிடுவார்கள். கடலைத் தாண்டி வந்தவரின் பேச்சு நடுவார்த்தையில் அறுந்துபோகும். உதடு மட்டும் அசையும். இவருக்கு அது ஆகாது. சுத்தியல் தட்டியதும் பேசுகிறவரின் தோளைப் பார்ப்பார். மூச்சு இழுக்கும்போது தோள் கொஞ்சம் ஏறும். அப்போது விரலை அழுத்துவார். தாமே நிறுத்திக்கொண்டதாக நினைத்து அவர் மரியாதையாக எழுந்து போவார். மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இது வசதி. மேலாளரும் கண்டுகொள்ளவில்லை, ஏனென்றால் யாராக இருந்தாலும் சுத்தியலுக்குப் பிறகு மூச்சு விடாமல் எத்தனை நேரம் பேசிவிட முடியும்?

இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "அக்காகிட்டதான்" என்றார். அக்கா திட்ட ஆரம்பித்தால் மூச்சே விடமாட்டாராம். நடுவில் குறுக்கிட்டால் இன்னும் ஒரு பங்கு கூடுமாம். அதனால் சுவரோரமாக நின்று அக்காவின் தோளையே பார்த்துக்கொண்டிருப்பாராம். தோள் ஏறியதும் ஓட்டம்.

அந்தக் கமிட்டியின் பட்டியலில் முன்பு நிறைய நாடுகள் இருந்தன. ஒவ்வொன்றாகக் கரையேறின. போன வருஷம் ஓரத்து மேஜையில் 'மனுதாரர்' என்ற அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து மூன்று நிமிடம் பேசியவர், இந்த வருஷம் நடு மண்டபத்தில் சொந்த நாட்டுப் பெயருக்குப் பின்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு புது நாடு வந்தால் எழுத்து வரிசைப்படி மற்றவர்கள் எல்லாரும் ஓர் இடம் தள்ளி உட்கார வேண்டும். இவரும் தம் பலகையில் அத்தனை பொத்தான்களின் பெயரையும் மாற்றி ஒட்டுவார். அந்த வேலைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போவார். நமக்கு என்ன வந்தது என்று நான் கேட்டதுண்டு. "ஒவ்வொருத்தரா நகர்றாங்க இல்ல, எங்களுக்கும் இடம் வரும்" என்பார். தீவுக்கு இடம் கிடைத்தால் எந்த இரண்டு நாடுகளுக்கு நடுவே வரும் என்பது அவருக்கு மனப்பாடம். அந்த இரண்டு நாட்டுத் தூதர்களோடும் சிநேகம் பிடித்துவைத்திருந்தார். வீடே கட்டவில்லை, அதற்குள் பக்கத்து வீட்டுக்காரரோடு உறவு. நான் கேலி செய்வேன். ஆனால் அந்த இரண்டு பெயர்களும் எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா, "முழங்காலுக்கு வைத்தியம் பார்க்க வெளியூர் போறேன். ரெண்டு வாரம் ஃபோன் வராது" என்றார். இவர் முகம் மாறிப்போனது. தீவிலிருந்து யாரையும் வெளியூர் விடுவதில்லை.

மறுநாள் சாயங்காலம் தாடிக்காரர் வீட்டுக்கு வந்தார். அவரும் அதே தீவு. இவரைப்போலவே ஓடிவந்தவர், வருஷாவருஷம் கமிட்டியில் பேசுகிறவர். வந்ததும் வராததுமாகக் கதவைச் சாத்தினார்.

"இந்த வருஷம் அங்கேயிருந்தே ஒருத்தர் பேச வர்றாங்க. உன் அக்கா" என்றார்.

நான் டீ டம்ளரைக் கீழே போட்டேன். இவர் குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். நிமிரவே இல்லை.

தாடிக்காரர் சொன்னது இதுதான். தீவில் பேசக்கூடிய இளைஞர்கள் யாருக்கும் பயண அனுமதி கிடைக்கவில்லை. ஒருவரையுமே அனுப்பாவிட்டால் மன்றத்தில் கேள்வி வரும் என்று பெரிய நாட்டுக்கும் பயம். படகுத்துறையில் டிக்கெட் கொடுத்து ஓய்வுபெற்ற, முழங்கால் மடங்காத கிழவி பெயரை ஊர்க்காரர்கள் கொடுத்ததும், இதுவா பேசப்போகிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஆனால் 'துணைக்கு' என்று ஓர் அதிகாரியைக் கூடவே அனுப்புகிறார்கள். தங்குவது, சாப்பிடுவது, எல்லாமே அவர் கண்ணெதிரில். பேசிய மறுநாள் காலையில் விமானம்.

"கிட்டப் போயிடாதே. தம்பி இங்கே வேலை பார்க்கிறான்னு தெரிஞ்சா, உள்ளே ஆள் வெச்சிருக்காங்கன்னு சொல்லி மனுவையே தள்ளிடுவாங்க. திரும்பிப் போனதும் அவங்க பாடு திண்டாட்டம்" என்றார் தாடிக்காரர்.

"அவளுக்குத் தெரியுமா, நான் அங்கே இருக்கேன்னு?"

"யார் சொல்ல முடியும்? நிழல் மாதிரி ஒருத்தன் ஒட்டிக்கிட்டே வருவானே."

அன்றிலிருந்து அந்த அதிகாரிக்கு எங்கள் வீட்டில் நிழல் என்று பெயர் ஆனது.

தாடிக்காரர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "அன்னைக்கு உங்களுக்குத்தானே டியூட்டி?"

"ஆமா."

"கூடப் பொறந்தவ வாயை நீங்களே அடைக்கப்போறீங்களா?"

"யாராவது அடைச்சுத்தான் ஆகணும். நானா இருந்தா வலிக்காம அடைப்பேன்."

"லீவு போட்டுத் தொலைங்க."

"போட்டா வேற ஒருத்தன் உட்காருவான். சுத்தியலைத் தட்டினதும் நடுவார்த்தையில வெட்டுவான்."

"அப்ப அணைக்காதீங்க! அந்த மனுஷி எத்தனை வருஷமா வாயைத் திறக்காம இருக்கு. ஒரு பத்து நிமிஷம் பேசினா மன்றம் இடிஞ்சா விழும்?"

இவர் என்னை அலுப்போடு பார்த்தார். "நான் சலுகை கொடுத்தேன்னு அவங்களுக்குச் சந்தேகம் வந்தா, பேசினது மொத்தத்தையும் பதிவிலேர்ந்து எடுக்கச் சொல்லுவாங்க. எல்லாருக்கும் என்ன செய்யறேனோ அதைத்தான் அவளுக்கும் செய்வேன். மூச்சு விடற வரைக்கும். அதுக்கு மேல ஒரு நொடி கிடையாது."

கட்டிலில் படுத்துக்கொண்டு, இந்த மனுஷன் அக்காவை ஒரு தடவை பக்கத்தில் பார்த்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எனக்கு ஒன்றுமே ஆகாத அந்தத் தீவின் மேல் அன்றைக்குத்தான் எனக்கும் ஏக்கம் வந்தது.

நீ வரவேண்டாம் என்று இவர் சொன்னார். சொன்ன பேச்சைக் கேட்கிறவளாக இருந்தால் இவரைக் கட்டியிருக்கவே மாட்டேன். ஆஸ்பத்திரியில் பல்வலி என்று சொல்லி லீவு எடுத்தேன். பல் ஆஸ்பத்திரியிலேயே அப்படிச் சொல்லித் தப்பித்தது என் சாமர்த்தியம். மன்றத்தில் பார்வையாளர்களுக்கென்று மாடி உண்டு. முதல் வரிசையில் போய் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். எதிரே, மேலே, கண்ணாடி அறையில் இவர் வழுக்கைத் தலை தெரிந்தது. கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். புதுச் சட்டை.

தாடிக்காரர் முதலில் பேசினார். பிறகு வேறு நாட்டவர் இரண்டு பேர். அடுத்து 'மனுதாரர்' அட்டைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்த அம்மாளைப் பார்த்ததும், ஃபோனில் அத்தனை பெரிதாகக் கேட்ட குரல் இந்த உடம்பிலிருந்தா வந்தது என்று நினைத்தேன். கால் தரைக்கு எட்டவில்லை. இவருக்கு இருக்கிற அதே மூக்கு. இரண்டு நாற்காலி தள்ளிச் சுவரோரம் ஒரு கோட்டுக்காரர் வந்து நின்றார். நிழல்.

மைக் திறந்ததற்கு அடையாளமாக அதன் கழுத்தில் சிவப்பு வளையம் எரிந்தது. இவர் விரல் எரியவைத்த வளையம். படகுத்துறையில் பிரிந்த பிறகு அக்காவுக்காகத் தம்பி செய்த முதல் காரியம் அது. மேலேயும் கீழேயும் மாறிமாறிப் பார்த்ததில் என் கழுத்து வலித்தது.

அக்கா, பெரிய நாட்டின் பாஷையில் எழுதிவந்ததைப் படித்தார். மெதுவாகப் படித்தார். மீன்பிடித் துறைக்கு வேலி போட்டது, கேள்வி கேட்ட வாத்தியாரைத் தூக்கிப்போனது, கப்பல் கப்பலாக வெளியாட்களைக் கொண்டுவந்து குடியேற்றுவது. "ஓட்டுப் போடும் நாளில் போட்டுக்கொண்டு போகலாம் என்று நல்லதாக ஒரு ஜோடி செருப்பு வாங்கி வைத்தேன். கால் வீங்கிவிட்டது. இப்போது அது பத்தவில்லை" என்று படித்தபோது மண்டபத்தில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். பிறகு சிரித்தவரே தலையைக் குனிந்துகொண்டார்.

மஞ்சள் விளக்கு எரிந்தது. பாதிப் பக்கம்கூட முடியவில்லை. அக்கா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தலையைத் தூக்கி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை கண்ணாடி அறைக்கு வந்ததும் அங்கேயே நின்றது. அந்த அறைக்கண்ணாடியில் கீழேயிருந்து பார்த்தால் விளக்கு வெளிச்சம்தான் தெரியும், முகம் தெரியாது.

பிறகு ஒரு மூச்சு இழுத்தார். தோள் இரண்டும் ஏறியதை மாடியிலிருந்தே பார்த்தேன். பேச ஆரம்பித்தார்.

சிவப்பு எரிந்தது. தலைவர் தட்டினார். அக்கா நிறுத்தவில்லை. ஓட்டுக்குக் காத்திருந்தவர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். ரொட்டிக்கடைக்காரர், அவர் போனபின் அவர் மகன், மூன்றாம் வீட்டு நர்ஸ், படகோட்டி, படகோட்டியின் குருட்டு மனைவி, யாருக்கு ஓட்டுப் போடுவது என்று தினமும் சண்டை போட்டு இரண்டு பேருமே போடாமல் போய்ச்சேர்ந்த அண்ணன் தம்பி. முற்றுப்புள்ளி இல்லை, இடைவெளி இல்லை. என் ஹெட்ஃபோனில் மொழிபெயர்க்கிற பெண் திணறிக் கடைசியில் விட்டுவிட்டாள். நான் ஹெட்ஃபோனைக் கழற்றினேன்; பெரிய நாட்டின் பாஷை எனக்கும் ஓரளவு புரியும். தலைவர் மறுபடி தட்டினார். கண்ணாடி அறையைப் பார்த்தார். உள்ளே மேலாளர் எழுந்து இவர் பின்னால் வந்து நின்றார். இவர் அசையவில்லை. விரல் பொத்தான்மேல் இருந்தது. கண் அக்காவின் தோளில் இருந்தது. தோள் ஏறவில்லை. பெரிய நாட்டுத் தூதர் ஆட்சேபிக்கக் கை தூக்கினார். தூக்கி என்ன செய்வது? அவர் மைக்கைத் திறக்க வேண்டியவரும் இவர்தான். ஒருவர் பேச்சு முடியாமல் இன்னொருவர் மைக்கைத் திறப்பதில்லை, யாருக்கும்.

"என் தம்பியைப் படகில் ஏற்றிவிடும்போது ஓட்டுப் போடும் நாளில் வந்துவிடு என்று சொன்னேன் அவன் இன்னும் வரவில்லை அவன்மேல் தப்பில்லை அந்த நாள்தான் வரவில்லை அதைக் கேட்கத்தான் நான் வந்தேன் எங்கள் நாள் எங்கே என்று..."

அங்கே வந்ததும் அக்கா நிறுத்தினார். முகம் சிவந்திருந்தது. கண்ணாடி அறையைப் பார்த்தபடியே, குழந்தைக்குக் காட்டுவதைப்போல இரண்டு தோளையும் நன்றாக உயர்த்தி, ஒரு பெரிய மூச்சு இழுத்துக் காட்டினார்.

இவர் அழுத்தினார். சிவப்பு வளையம் அணைந்தது.

மண்டபத்தில் கைதட்டக் கூடாது. தீவுக்கு வரவேண்டிய இடத்துக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு தூதர்களும் மேஜையை விரலால் தட்டினார்கள். பெரிய நாட்டுத் தூதர் ஆட்சேபித்தார்தான். சுத்தியல் தட்டியபின் மூச்சு விடும்வரை மைக் திறந்திருப்பது எல்லாருக்கும் உள்ள வழக்கம் என்று தலைவரே சொல்லிவிட்டார். சொல்லும்போதுதான் அப்படி ஒரு வழக்கம் இருப்பதை அவரே கவனித்தார்போல.

நான் அதற்குள் எழுந்து ஓடியிருந்தேன். அக்கா நிழலோடு தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தார். பெண்கள் கழிப்பறைக் கதவைத் திறந்து உள்ளே போனார். நிழல் வெளியே நின்றுவிட்டார். ஆண்கள் போகமுடியாத ஓர் இடத்தை யார் கட்டினாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

உள்ளே அக்கா முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் அவர்கள் பாஷையில், "அக்கா" என்றேன்.

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். ஈரக்கையோடு திரும்பினார். "சண்டைக்காரி" என்றார். ஃபோனில் கேட்ட குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். உடனே குழாயை இன்னும் வேகமாகத் திருகிவிட்டார், வெளியே பேச்சு கேட்காமல் இருக்க. "அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கறது அவன்தானே?"

"உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை. வெளியே காத்திருக்கும்போது அந்தத் தாடிக்காரர், வாசல்ல நிக்கற இவன் எதிர்லயே சொன்னார், 'பயப்படாதீங்கம்மா, இங்கே ஒரு மைக்காரர் இருக்கார், சிவப்பு எரிஞ்சாலும் நீங்க மூச்சு விடற வரைக்கும் அணைக்க மாட்டார்'னு. எல்லாருக்கும் சொல்ற மாதிரிதான் சொன்னார். எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. என் மூச்சுக்குக் காத்து நின்னவன் இந்த உலகத்துல ஒருத்தன்தான்டி. திட்டி முடிக்கறதுக்குள்ள ஓடிடுவான், திருட்டுப்பய."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. "இன்னும் பேசியிருக்கலாமே அக்கா. உங்களுக்கு மூச்சு இருந்ததே."

"இருந்தது. எலுமிச்சை மரத்தைப் பத்திக்கூடப் பேசியிருப்பேன். அவன் பின்னால ஒருத்தன் வந்து நின்னான் பாரு, கண்ணாடியில உருவம் மட்டும் தெரிஞ்சுது. என்னால தம்பி வேலைக்கு ஏதாவது ஆயிடுமேன்னு நிறுத்தி மூச்சு இழுத்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தலை நரைச்சுடுச்சா அவனுக்கு?"

"நரைக்கலை அக்கா. கொட்டிடுச்சு."

ஃபோனில் வருகிற அந்தச் சத்தம் வந்தது. சிரிப்புதான் அது. "காது இருக்குல்ல?"

"இருக்கு."

வெளியே நிழல் கதவைத் தட்டினார். "வர்றேன்யா, முழங்கால் மடங்க வேணாமா!" என்று கத்திவிட்டு, அக்கா ஈரக்கையால் என் வலது காதைப் பிடித்து ஒரு திருகு திருகினார். உயிரே போய்விட்டது. "இதை அவன்கிட்ட கொடுத்துடு" என்றார். பையை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே போனார்.

சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "பார்த்தியா அவளை?" என்றார். "என்னால தோளைத் தவிர எதையும் பார்க்க முடியலை. முகத்தைப் பார்த்தா அணைக்க முடியாமப் போயிடும்னு பார்க்கலை. இப்ப முகம் ஞாபகம் வர மாட்டேங்குது."

பக்கத்தில் போய் வலது காதைப் பிடித்துத் திருகினேன்.

துள்ளி எழுந்தார். "பைத்தியமா உனக்கு?"

"உங்க அக்கா கொடுத்தனுப்பினாங்க."

கழிப்பறையில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். கேட்டு முடிக்கும்வரை காதில் கையை வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "இது அவ திருகு இல்லை. கட்டைவிரலை உள்ளே வெச்சுக் கீழே இழுப்பா. இன்னொரு தடவை" என்றார். தலையைச் சாய்த்துக் காட்டினார். கட்டைவிரலை உள்ளே வைத்து, என் காதில் இன்னும் எரிந்துகொண்டிருந்த அந்த வலியை நினைவில் வைத்து, என் பலம் அத்தனையும் கொடுத்து இழுத்தேன். "இதுதான்" என்றார். அதற்குப்பிறகு அழுதார். எங்களுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அப்படி ஓர் அழுகையை நான் பார்த்ததில்லை.

தீவு இன்னும் பட்டியலில்தான் இருக்கிறது. ஓட்டுக்கு ஒரு தேதி சொல்ல வேண்டும் என்று கமிட்டி மறுபடி தீர்மானம் போட்டது. பெரிய நாடு பரிசீலிக்கிறோம் என்றது. அந்த இரண்டு தூதர்களும் இப்போதும் பக்கத்துப் பக்கத்தில் இடைவெளி இல்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இவருக்கு ஓய்வு பெறும் வயது நெருங்குகிறது. பலகையில் அந்தப் பொத்தானுக்குப் பெயர் ஒட்டுவது தாமாக இருக்காதோ என்று பயப்படுகிறார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் நிற்கவில்லை. முழங்கால், எலுமிச்சை மரம், மழை. எல்லாம் முடிந்ததும் அக்கா கடைசியாக ஒன்று கேட்பார். ஒட்டுக்கேட்கிறவர்கள் தம்பிக்கு ஏதோ காது வியாதி என்று எழுதிவைத்திருப்பார்கள்.

"காது எப்படிடா இருக்கு?"

"வலிக்குதுக்கா."

"இருக்கட்டும். நீ இங்கே வர்ற வரைக்கும் வலிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அக்கா ஃபோனை வைத்துவிடுவார்.